தாதியும் தாய்வளவும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் நெடுவீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருங்கி வந்து, நடுவே ஒரு மணற்பரப்பை மாத்திரம் மனிதர் குடியிருக்க விட்டுவைத்தாற்போல நீண்டு கிடக்கும் எழுவான்கரையில், தேற்றாத்தீவைக் கடந்து களுவாஞ்சிக்குடியை அடையுமுன் வருகிற கிராமம் களுதாவளை. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாலும், பந்தலிட்டு நிழல் செய்து வளர்க்கும் வெற்றிலைத் தோட்டங்களாலும், மணலிலே நீரிறைத்து மிளகாயும் கத்தரியும் விளைவிக்கும் உழைப்பாளிகளாலும் பெயர்பெற்ற ஊர் அது. அந்த ஊரிலே, உறவுமுறையான ஒரு வீட்டுக்கு இரவு ஒன்பது மணியளவில் போக நேர்ந்த சமயம் நான் கண்ட ஒரு காட்சியே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வாசலில் கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே விறாந்தையில் பாய் விரித்து, பேரப்பிள்ளைகள் இருவரையும் இருபுறமும் கிடத்தி, மூத்தவளாகிய தாயார் விசிறிக்கொண்டிருந்தார். மேசையருகே அவருடைய மகள், வயது நாற்பதைத் தாண்டியவர், ஆஸ்பத்திரி உத்தியோகத்தில் ஏறக்குறைய இருபது வருஷம் கழித்தவர், பள்ளிக்கூடப் பிள்ளையைப்போலத் தலைகுனிந்து ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பாடக் கையேட்டின் ஓரத்தில் தமிழிலே குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். பகல் டியூட்டி முடித்து வந்து சமைத்து, பிள்ளைகளுக்கு உணவூட்டி, அவர்களுடைய பாடத்தைப் பார்த்துவிட்டு, அதன்பின்பே தம்முடைய பாடத்தை விரித்திருக்கிறார். தாதியர் பட்டப்படிப்பு என்றார். இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறது என்றார்.

உத்தியோகம் கிடைத்தவுடனே கல்வி முடிந்துவிட்டதென்று எண்ணும் வழக்கம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியது. அதிலும் ஒரு பெண், மணமாகிப் பிள்ளை பெற்று, மாதச் சம்பளமும் வந்துகொண்டிருக்கும்போது, மறுபடியும் ஏட்டைத் திறக்கிறாளென்றால், அவள் திறப்பதற்கு முன்னே வேறு எத்தனையோ கதவுகள் திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவுகள் எப்போது, எவ்விதம் திறந்தன என்பதே நான் சொல்ல விரும்பும் சரித்திரம்.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் நோயாளியைப் பார்த்தவர் பரிகாரியார். பிள்ளைப்பேறு பார்த்தவள் மருத்துவிச்சி. மருத்துவிச்சிக்குப் பள்ளியும் இல்லை, பத்திரமும் இல்லை. தாயின் பின்னாலோ மாமியின் பின்னாலோ இருட்டில் விளக்குப் பிடித்துச் சென்று, வெந்நீர் காய்ச்சிக் கொடுத்து, வயிற்றிலே கைவைத்துச் சிசுவின் தலை எங்கே கிடக்கிறதென்று பார்க்கும் வித்தையைத் தன் கையாலேயே கற்று, ஒருநாள் மூத்தவள் நோய்ப்பட்டுக் கிடக்கத் தானே தனித்துப் போய் ஒரு பிள்ளையை ஏந்துவாளானால், அன்றுதான் அவளுக்குப் பட்டமளிப்பு. பிள்ளை பிறந்ததும் பெண்கள் குரவையிடுவார்கள்; அந்த ஒலி கேட்டு அயல்வளவுகள் செய்தி அறியும். தாய்க்குச் சரக்கரைத்துக் காய்ச்சும் காயத்தின் மணம் பல நாளைக்கு அந்த வளவில் நிற்கும். மருத்துவிச்சிக்கு நெல்லும் சேலையும் வெற்றிலையும் கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் கூலி கொடுத்த அந்தக் கைகள் அவளுக்குச் சமமான ஆசனமும் கொடுத்தனவென்று நான் எழுதமாட்டேன். துடக்கைத் தொட்டவள் என்ற எண்ணம் அவள் வாசற்படியில் இறங்கும்போதே அவளைப் பின்தொடர்ந்தது. அந்த எண்ணந்தான் பிற்காலத்தில் வெள்ளைச் சீருடையணிந்து ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களின் பெற்றோரையும் நெடுநாள் தயங்கவைத்தது.

ஏட்டுக் கல்வியாகத் தாதித் தொழில் உருப்பெற்றது ஐரோப்பாவில். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860ஆம் ஆண்டில் லண்டன் செயின்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில் தமது பாடசாலையைத் தொடங்கினார். இலங்கையில் அதற்குப் பின்னரும் பல காலம் நோயாளரைப் பராமரித்தோர் அரைகுறைப் பயிற்சி பெற்ற ஊழியரும், 1886ஆம் ஆண்டு முதல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் தொண்டாற்ற வந்த பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகளும் ஆவர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் வேறொரு வழியில் முயன்றனர். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழ் இளைஞருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்து, உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது. நமது கரைக்கு 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனார் பள்ளிக்கூடங்களை நிறுவினார்களாயினும், மானிப்பாயில் நிகழ்ந்ததைப்போன்ற தமிழ் வைத்தியக் கல்வி இங்கே வேர்கொள்ளவில்லை.

1939ஆம் ஆண்டு கொழும்பில் தாதியர் பயிற்சிப் பாடசாலை முறையாக நிறுவப்பட்டபோது, அது களுதாவளைக்கு மிகத் தொலைவில் இருந்தது. மைற்கற்களால் அளக்கும் தூரத்தை மாத்திரம் நான் சொல்லவில்லை. புகையிரதம் மட்டக்களப்புக்கு 1928ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கல்லடியில் லேடி மனிங் பாலம் 1924இல் கட்டப்பட்டு, எழுவான்கரையார் வாவியைக் கடக்கத் தோணிக்காகக் காத்திருந்த காலமும் முடிந்திருந்தது. ஆயினும் பாடம் ஆங்கிலத்தில். தங்குமிடம் அந்நிய நகரத்தில். தொழிலோ அந்நிய ஆடவரின் உடலைத் தொட்டுக் கழுவித் துடைக்கும் தொழில். இரவு முழுவதும் வாட்டிலே விழித்திருக்கும் தொழில். இவையெல்லாம் ஒன்றுகூடி மதிலாக நின்றன. 1945இல் இலவசக் கல்வி வந்து, கிராமத்துப் பெண்பிள்ளைகள் பரீட்சைகளில் சித்தியெய்தி வெளிவரத் தொடங்கிய பின்னரே, ஒரு வீட்டில் ஒரு பெண், ஒரு தெருவில் இரு பெண்கள் என்று அந்த மதிலைத் தாண்டியவர்கள் தோன்றினார்கள்.

என் தாயாரின் இளைய சகோதரி அவ்வாறு தாண்டியவர். சின்னம்மாவை ஊரில் எல்லோரும் ‘மிஸி’ என்றே அழைத்தார்கள். கொழும்புக்கு இரவுத் தபால் வண்டியில் ஏற, மட்டக்களப்பு நிலையம்வரை தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என் அம்மப்பா கூடச் சென்றாராம். பயிற்சி முடித்து வந்தபின் அவர் தமது சீருடைக்குக் கஞ்சியிடுவதை நான் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். சோற்றுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடித்து, நீலம் ஒரு சிட்டிகை கலந்து, துணியை அதில் அமிழ்த்தி உதறி, நிழலிலே காயவைத்து, சிரட்டைக்கரிப் பெட்டியால் அழுத்தி மடிப்பார். சீருடைத் தொப்பியின் மடிப்புக்காகவே அரைமணி நேரம் செலவாகும். அதைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை.

அவருக்கு இரண்டாம் முறை படிக்க ஒரு வாய்ப்பு வந்தது. வாட்டின் பொறுப்பை ஏற்கும் ‘சிஸ்ரர்’ பதவிக்கும், மாணவியருக்குப் போதிக்கும் பதவிக்கும் உரிய மேற்பயிற்சி கொழும்பிலே நடந்தது. விண்ணப்பிக்கும் தகுதி இவருக்கு இருந்தது. கையில் எட்டு மாதப் பிள்ளையும் இருந்தது. வளவு மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். பால்குடிப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் தாயாக நிற்க எந்த வளவாலும் இயலாது. அவர் விண்ணப்பிக்கவில்லை. பிற்காலத்தில், அவருடைய கையின்கீழ் ஊசி குத்தப் பழகிய இளையவர் ஒருவர் அவருக்கே மேலதிகாரியாக அந்த வாட்டுக்கு வந்தபோது, முதல் நாள் காலையில் சின்னம்மா எழுந்து நின்று வரவேற்றார் என்று அவரோடு வேலை செய்த ஒருவர் எனக்குச் சொன்னார். சின்னம்மா அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. முதல்முறை வீட்டைவிட்டுப் புறப்படுவது கன்னிப்பெண்ணின் பிரயாணம்; அதற்குத் தகப்பனின் சம்மதம் போதும். இரண்டாம் பிரயாணத்துக்குக் கணவனும் குழந்தையும் அடுப்பும் சம்மதிக்க வேண்டும். அது முதற்பிரயாணத்திலும் பன்மடங்கு கடினமென்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

இங்கே மட்டக்களப்புத் தேசத்தின் ஒரு விசேஷத்தைச் சொல்லாமற்போனால் இந்தச் சரித்திரத்தின் பாதி விளங்காது. வயிற்றுவார் என்னும் தாய்வழியாகக் குடியை எண்ணும் மரபு எங்களுடையது. மணமானால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். பெண் பிறந்த வளவைவிட்டுப் போவதில்லை. வீடு அவளுக்குச் சீதனம். தாயும் மணமான புதல்வியரும் ஒரே வளவிலோ வேலிக்கு அப்பாலோ வசிப்பார்கள். 1876ஆம் ஆண்டின் விவாக உரிமை, வாரிசுரிமைச் சட்டம் வந்து, இத்தேசத்து வழமையாகிய முக்குவர் சட்டம் நீதிமன்றத்திலே செல்லுபடியற்றதாகிய பின்னும், வீட்டைப் பெண்ணுக்கே கொடுக்கும் வழக்கம் சட்டத்தின் தயவின்றியே நிலைத்தது. அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடும்ப அமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கத்தைப் பழமையென்று கருதுவோர் உண்டு. எனக்கோ, உத்தியோகம் பார்க்கும் ஒரு தாய்க்கு இதைப்போலப் பேருதவியாக நிற்கும் ஏற்பாடு வேறொன்று தென்படவில்லை. வேற்றூருக்கு மருமகளாகப் போன பெண், இரவு டியூட்டிக்குப் புறப்படுமுன் மாமியாரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். களுதாவளைப் பெண் தன் தாயின் முகத்தைப் பார்க்கிறாள். “புள்ளைகள நான் பாக்கன், நீ போய்ப் படி கா” என்று சொல்ல ஒருவர் அந்த வளவிலே இருக்கிறார். ஆனால் அந்த வாக்கியம் பயன்படவேண்டுமானால், படிக்கும் இடம் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்திலாவது இருக்கவேண்டும். சின்னம்மாவுக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லத் தாய் இருந்தார். படிப்புத்தான் அருகில் வரவில்லை.

படிப்பு அருகில் வந்த காலமோ, நமது நாட்டின் துன்பகாலமாய் அமைந்தது. மட்டக்களப்பு நகரத்திலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டு, தமிழிலே கற்றுத் தேறும் வழி பிறந்தது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் தாதியருக்கென்று தனியான ஒரு பேரவை அமைக்க வழிசெய்யப்பட்டது. ஆயினும் போர் மூண்டிருந்தது. தொண்ணூறாம் ஆண்டு முதலாக இந்தக் கரையில் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வீதிகள் மூடப்படும், கல்லடிப் பாலத்தில் இறங்கி நடந்து சோதனையில் நிற்கவேண்டும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து நோயாளியைக் குருமண்வெளித் துறைக்குத் தோணியில் ஏற்றி வருவார்கள். அனுபவமிக்கோர் பலர் வெளிநாடு சென்றார்கள். எஞ்சியிருந்தவர்கள், ஓர் இரவிலே மூவரின் வேலையை ஒருவராகப் பார்த்தார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி கடல் எழுந்தபோதும் அதே கைகளே ஏந்தி நின்றன. அந்த அனுபவம் எந்தப் பரீட்சையாலும் அளக்க முடியாத கல்வி. ஆனால் அதற்குப் பதவியுயர்வுப் பத்திரத்திலே இடமில்லை.

அந்த நெருக்கடியின் நடுவே, 1994ஆம் ஆண்டில், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தாதியர் விஞ்ஞானமாணிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலுள்ள அதபாஸ்கா பல்கலைக்கழகம், அதுவும் தொலைக்கல்விக்கென்றே பெயர்பெற்ற ஸ்தாபனம், இதற்குத் துணைநின்றது. கனேடிய அரசின் அபிவிருத்தி நிறுவனம் பொருளுதவி செய்தது. இதன் விசேஷம் யாதெனில், ஏற்கெனவே டிப்ளோமா பெற்று உத்தியோகத்தில் இருக்கும் தாதியருக்கென்றே இது வகுக்கப்பட்டது. வேலையை விடவேண்டியதில்லை; வீட்டை விடவேண்டியதில்லை. பாடக் கையேடுகள் கைக்கு வரும். வீட்டிலிருந்து கற்று, குறித்த தினங்களில் வகுப்புக்குப் போய், ஒப்படைகளை எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் ஒரு பிராந்திய நிலையம் உண்டு. மதில் இடிந்ததென்றே சொல்லவேண்டும். சின்னம்மா கொழும்புக்குப் போக முடியாமல் விட்ட இடத்திலிருந்து, அடுத்த தலைமுறைப் பெண் தன் விறாந்தையில் இருந்தபடியே தொடங்கினாள்.

பணியிலிருக்கும் தாதி பல்கலைக்கழகம் புகுவது உலகத்திலும் மிகப் பழைய செய்தியன்று. நியூயோர்க் நகரத்தில் கொலம்பியாவைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரி 1899இல் தேறிய தாதியருக்கென ஒரு பாடநெறியைத் திறந்தது. அங்கே 1907இல் அடிலெய்ட் நட்டிங் அம்மையார் தாதியருள் முதற் பேராசிரியரானார். அயலிலே வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் தொடங்கிய தாதியர் பாடசாலை 1946இல் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. நமக்கோ அதிலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகம் தனது சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மருத்துவத்தோடு தாதியர் பட்டப்படிப்பையும் மட்டக்களப்பிலேயே ஏற்படுத்தியதால், இன்று உயர்தரம் சித்தியெய்தும் பிள்ளை நேரே பட்டதாரித் தாதியாகலாம். அது நன்று. எனினும் என் மனம் சாய்வது, வாட்டிலே பதினைந்து வருஷம் நின்று கால்நரம்பு புடைத்தபின் படிக்க வருபவள் பக்கமே. நோயாளி மூச்சுவிடும் விதத்தைப் பார்த்தே இவர் இரவைத் தாண்டமாட்டார் என்று அறியக்கூடியவள், அதற்குக் காரணம் என்னவென்று நூலிலே காணும்போது அடையும் மகிழ்ச்சியை, முதன்முறை படிப்பவர் அறிய மாட்டார்.

ஒரு குறை இருக்கிறது. அதை மறைத்தல் தகாது. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழிலே பயின்று, தமிழிலே நோயாளியோடு பேசி, தமிழிலேயே சிந்தித்து வந்தவள், நாற்பது வயதில் அந்நிய மொழியில் கட்டுரை எழுதவேண்டியிருக்கிறது. சிலர் முதல் வருஷத்திலேயே விட்டுவிடுவதற்குப் பாடத்தின் கடினமன்றி மொழியின் கடினமே காரணமென்று அவர்கள் வாயிலாகவே கேட்டிருக்கிறேன். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னே, அமெரிக்கர் ஒருவர், வைத்திய சாஸ்திரம் தமிழில் இயலுமென்று மானிப்பாயில் நிரூபித்துக் காட்டிய நாடு இது. உலகத்து ஆராய்ச்சிகளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும், மெய்தான்; ஆனால் கையேட்டின் பக்கத்திலே ஒரு தமிழ் விளக்கநூலாவது இல்லாதிருப்பது நம்முடைய கல்விமான்களின் பொறுப்பு. அந்தப் பெண் ஓரத்திலே எழுதிய குறிப்புகள்தாம் இப்போதைக்கு அந்த விளக்கநூல்.

அன்றிரவு அவர் எழுதிக்கொண்டிருந்த ஒப்படை, சமூக சுகாதாரத்தைப் பற்றியது. தத்தம் ஊரிலே சிசு பராமரிப்பில் முன்னாளிலிருந்த வழக்கங்களை எழுதி ஆராயவேண்டும். தொப்புளுக்கு எதையும் பூசாமல் உலரவிட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் அம்மா என்று அவர் கேட்டார். விசிறியைக் கீழே வைத்துவிட்டுத் தாயார் எழுந்தார். தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, நுனியைக் கிள்ளி, நல்லெண்ணெயைப் பின்புறத்தில் தடவி, சுவாமிப் படத்தின் முன்னே எரிந்த விளக்கின் சுவாலைக்குச் சற்று மேலே பிடித்துக் காட்டினார். இலை வாடி மெதுமெதுத்ததும் தம் புறங்கையில் ஒற்றிச் சூடு பார்த்தார். “இப்படி வாட்டி வயித்தில போடுவாங்க, வாய்வு கலையும். கொப்புளுக்குக் கிட்டக் கொண்டுபோக மருத்துவிச்சி விடமாட்டாள்” என்றார்.

மகள் தலையசைத்து எழுதினார். இலையின் பெயருக்கு ஆங்கிலம் அவருக்குத் தெரிந்திருந்தது, எண்ணெய்க்கும் தெரிந்திருந்தது. பிள்ளை பிறந்த செய்தி அயலுக்கு எப்படிப் போயிற்று என்பதை எழுத வந்தபோது பேனா நின்றது. அகராதியைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், எனக்கும் தெரியவில்லை. பிறகு குரவை என்ற சொல்லை ஆங்கில எழுத்துக்களிலேயே எழுதி, கீழே ஒரு கோடிட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.